தாத்தாவின் ஹாஃப் பிளேட் கேமரா: பெல்லோஸுக்கு ஒட்டுப் போடுவதா, புதிதாகச் செய்வதா?

#1 | தேக்குப்பெட்டி

வணக்கம். எங்கள் தாத்தா காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய கேமரா இருபது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தது. போன மாதம்தான் இறக்கினோம். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமரா, ஹாஃப் பிளேட், அதாவது படத்தின் அளவு 4¾×6½ இன்ச். தேக்கு ஓரிடத்தில்கூட விலகவில்லை. பித்தளை கருத்திருக்கிறது, தேய்த்தால் சரியாகிவிடும்.

முன்பலகைக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே மடிந்து நீளும் துருத்தி, அதாவது பெல்லோஸ்தான் போய்விட்டது. ராத்திரி அறையை இருட்டாக்கி, உள்ளே செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தேன். மூலைகளில் வரிசையாக வெளிச்சப் புள்ளிகள். அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அடிப்பக்கத்தில் இரண்டு இடத்தில் விரல் நுழையும் கிழிசல். ராமபாணப் பூச்சியும் தன் பங்குக்கு அரித்திருக்கிறது.

இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க எனக்கு விருப்பமில்லை, படம் எடுக்க வேண்டும். ஒட்டுப் போட்டால் போதுமா, புதிதாகத்தான் செய்ய வேண்டுமா? பக்கத்துத் தெருவில் கார் சீட்டுக்கு ரெக்சின் தைக்கும் கடை இருக்கிறது. அவர்களிடம் கேட்கலாமா?

#2 | கோவைக்காரன்

தாராளமாகக் கேளுங்கள். ரெக்சின் கிழியாது, தண்ணீர் இறங்காது, வெளிச்சமும் புகாது. அதுவரைக்கும் ஓட்டைகளுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து வைக்கலாம்.

#3 | ஹைப்போ

கோவைக்காரர் சொன்ன இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் பெயின்ட். பெல்லோஸில் ஓட்டை விழுவது பெரும்பாலும் மூலைகளில். பல மடிப்புகள் வந்து சேரும் இடம் அது. திறக்கும்போதும் மூடும்போதும் அதிகம் வளைகிற இடமும் அதுதான். அங்கே பெயின்ட் அடித்தால் காய்ந்து விறைப்பாகும், பத்து தடவை மடித்தால் விரிசல் விடும். ரப்பர் மாதிரி காய்கிற கெட்டிப் பூச்சு என்றால் வேறு தொல்லை: சித்திரை வெயிலில் ஒரு மடிப்பு அடுத்த மடிப்போடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தோலோடு வரும். என் ஸ்பீட் கிராஃபிக் கேமராவில் ஐந்தே ஐந்து ஓட்டைதான் இருந்தது. மெல்லிய கறுப்புத் துணியைச் சின்ன வட்டமாக வெட்டி உள்பக்கம் ஒட்டினேன், நாலு வருடமாக நிற்கிறது. ஐந்துக்கு அது சரி. அறுபது ஓட்டை என்றால் துணி முழுக்கச் செத்துவிட்டது என்று பொருள். இன்று அறுபதை அடைத்தால் அடுத்த மாதம் புதிதாக இருபது திறக்கும்.

அடுத்து ரெக்சின். பெல்லோஸுக்குத் துணி தேடும் எல்லோரும் முதலில் பலத்தைப் பார்க்கிறார்கள். நான் கேட்பது கனம் எவ்வளவு என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாஃப் பிளேட் கேமரா ஏறக்குறைய 400 மி.மீ. நீள வேண்டும். இரண்டு மடிப்புக்கு நடுவே வரும் ஒரு பட்டை 15 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பெல்லோஸை முழுக்க இழுத்து விறைப்பாக்கக் கூடாது, பத்தில் எட்டுப் பங்குதான் இழுக்கலாம். அப்படியானால் ஒரு பட்டைக்கு 12 மி.மீ. கிடைக்கும். 34 பட்டை வேண்டும். மூடும்போது இந்த 34-ம் ஒன்றன்மேல் ஒன்று படுக்க வேண்டும்.

ரெக்சின் 0.9 மி.மீ., பட்டைக்கு விறைப்புத் தரும் நடு அட்டை 0.3, உள்துணி 0.15, பசை 0.05. கூட்டினால் 1.4. முப்பத்து நாலால் பெருக்கினால் 48 மி.மீ. வரும். உங்கள் கேமராவை மூடினால் முன்பலகைக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

#4 | தேக்குப்பெட்டி

38 மி.மீ. அண்ணா. மூன்று தடவை அளந்தேன்.

#5 | கோவைக்காரன்

சரி, ரெக்சினைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கனத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

#6 | நூல்கட்டு

மதுரையில் நாற்பது வருடமாகப் புத்தக பைண்டிங் செய்கிறேன். கேமரா தெரியாது, ஆனால் துணி, அட்டை, பசை மூன்றும் தெரியும்.

அம்மா, யாராவது காலிகோ என்கிற பைண்டிங் துணியைப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். பைண்டர் சொல்கிறேன். காலிகோவில் இழைகளுக்கு நடுவே கஞ்சி நிரப்பியிருக்கும். புத்தக முதுகில் ஒரே மடிப்பு, அதற்கு அது பொருந்தும். ஆயிரம் தடவை மடிந்து விரிகிற இடத்தில் கஞ்சி உதிர்ந்துபோகும், வெயிலில் பிடித்தால் சல்லடை மாதிரி தெரியும்.

மைதாப் பசையும் வேண்டாம். மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது ஈரப்பசை. மெல்லிய துணியில் தடவினால் துணி ஊறிச் சுருங்கும், அட்டை நெளியும். நேர்கோடு ஒன்றுகூட மிஞ்சாது.

இன்னொரு யோசனை. பழைய பெல்லோஸைத் தூக்கிப் போடாதீர்கள். தையலோ ஒட்டோ இருக்கும் பக்கமாக நெடுக வெட்டி விரித்தால் முழு வரைபடமும் கையில் கிடைக்கும். அதன்மேல் காகிதம் வைத்து அப்படியே படியெடுங்கள். செய்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும்?

#7 | சுருதிப்பெட்டி

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். ஆர்மோனியம் பழுது பார்ப்பது எங்கள் குடும்பத் தொழில். கேமரா இழையில் எனக்கென்ன வேலை என்று நினைக்க வேண்டாம். வாகீஸ்வரி கேமராவே ஒரு வகையில் எங்கள் தொழிலிலிருந்து கிளம்பியதுதான். ஆலப்புழையில் கருணாகரனின் அப்பாவுக்கு இசைக்கருவிக் கடை. 1940-களில் ஒரு ஸ்டுடியோக்காரர் வெளிநாட்டுக் கேமரா ஒன்றின் பெல்லோஸைச் சரிசெய்து தரச் சொல்லி அந்தக் கடைக்கு வந்தார். ஆர்மோனியத் துருத்தி செய்யத் தெரிந்தவர்களுக்குக் கேமராத் துருத்தியும் வரும் என்று நம்பி வந்திருக்கிறார். கருணாகரன் அதைச் சரிசெய்தார், பிறகு முழுக் கேமராவையே செய்ய ஆரம்பித்தார். இப்போது அதே கேமராவுக்குத் துருத்தி செய்ய ஒருவர் கேட்கிறார் என்றதும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கழற்றும் முறை: பின்சட்டத்தில் ஒட்டியிருப்பது வச்சிரப் பசையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய தச்சர்கள் வேறு பசையை நம்பவில்லை. கத்தியால் நெம்பாதீர்கள், தேக்கு சிராய் எடுக்கும். துணியை வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒட்டின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். வச்சிரம் இளகி அல்வா மாதிரி ஆகும். மூங்கில் சிம்பால் தள்ளினால் வந்துவிடும். சின்ன ஆணிகள் இருக்கும், ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போடுங்கள். கழற்றுவதற்கு முன்னால் முதல் மடிப்பு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று எழுதி வையுங்கள். கழற்றிய பிறகு அது யாருக்கும் நினைவிருக்காது.

#8 | தேக்குப்பெட்டி

கழற்றிவிட்டேன். வச்சிரம்தான், சார் சொன்னபடியே இளகியது. ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நூல்கட்டு ஐயா சொன்ன மாதிரி ஒட்டுப் பக்கமாக வெட்டி விரித்தேன். உள்துணி ஒரு ஓரத்தில் உரிந்து வந்தது. பட்டைகளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எல்லாம் போட்டோ மவுண்ட் அட்டை. எங்கள் ஸ்டுடியோ பெயரைப் பொன்னிறத்தில் அச்சடித்த மவுண்ட். ஒரு பட்டையில் பெயரின் முன்பாதி, நாலு பட்டை தள்ளி பின்பாதி. ஆலப்புழையிலிருந்து வந்த பெல்லோஸ் என்று இத்தனை நாள் நினைத்தது தாத்தா தன் கையால் செய்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆச்சியிடம் காட்டினேன். "ஒரு மழைக்காலம் பூரா ராத்திரியில உட்கார்ந்து எதையோ வெட்டிக்கிட்டே இருந்தாக" என்று மட்டும் சொன்னார்கள்.

அளவுகள்: 28 பட்டை, ஒவ்வொன்றும் 18 மி.மீ. மவுண்ட் அட்டை 0.8 மி.மீ. கனம். தோல் 0.5. உள்துணியும் பசையுமாக 0.2 வரும். மொத்தம் 1.5, இருபத்தெட்டால் பெருக்கினால் 42. இடமோ 38.

தாத்தா இந்தக் கேமராவை எப்போதும் ஒரு தோல் வாரால் இறுக்கிக் கட்டித்தான் எடுத்துப்போவார். பித்தளைக் கொக்கி இருக்கும்போது வார் எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிர பதில் சொன்னதில்லை. கொக்கி எட்டியே இருக்காது என்று இப்போது புரிகிறது.

#9 | நூல்கட்டு

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா, அப்படியே படியெடுங்கள் என்று சொன்னவன் நான்தான். இப்போதும் அதையே சொல்ல மனசு வருகிறது, அவர் கை போன வழியிலேயே போகலாமே என்று. ஆனால் அவருக்கு அன்றைக்குக் கையில் இருந்த அட்டை அது. மெல்லிய அட்டை கிடைத்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பார். 4 மி.மீ. அதிகமானதை வருடக்கணக்காக வாரால் கட்டிச் சமாளித்திருக்கிறார். அந்த 4 மி.மீ.-ஐ நீங்கள் குறையுங்கள்.

#10 | ஹைப்போ

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். 18 மி.மீ. பட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டை அகலமாக இருந்தால் மடிப்பு எண்ணிக்கை குறையும், அது நல்லது. ஆனால் ஒவ்வொரு மடிப்பும் அந்த அளவுக்கு உள்ளே துருத்தும். குறுகலான முன்பக்கத்தில் அது லென்ஸின் வெளிச்சத்தை மறிக்கலாம். 15-க்கு வாருங்கள்.

முன்பக்கம், பின்பக்கம் உள்ளளவு என்ன?

#11 | தேக்குப்பெட்டி

பின்னால் 195 மி.மீ. சதுரம். முன்னால் 100 மி.மீ. சதுரம்.

#12 | ஹைப்போ

அப்படியானால் வரைபடம் இப்படி வரும். நாலு பக்கமும் நாலு சரிவகம்: அடி 195, தலை 100, உயரம் 34×15=510. நாலையும் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்தால் நீள்சதுரம் வராது, விசிறி மாதிரி வளையும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 10½ டிகிரி சாய்வதால் நாலும் சேர்ந்து 42 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு ஓரத்திலும் சட்டத்தில் ஒட்ட 25 மி.மீ. விட்டால், 85×65 செ.மீ. துணி ஒன்று போதும். சைனார் மாதிரி ஸ்டுடியோ கேமராக்களில் இந்தத் தலைவலி இல்லை. அதில் பெல்லோஸ் இரு முனையிலும் ஒரே அளவுச் சதுரம், கழற்றி மாட்டுவதும் நொடி வேலை. பெட்டியாக மடிகிற கேமராவில்தான் இந்தக் கூம்பு.

துணியின் இரு ஓரமும் சேரும் ஒட்டை அடிப்பக்கத்தின் நடுவில் கொண்டுவாருங்கள். மூலையில் வைக்கவே கூடாது. நாலு துண்டாக வெட்டி நாலு மூலையிலும் ஒட்டினால், எங்கே ஓட்டை விழுமோ அங்கேயே ஒட்டை வைத்த மாதிரி ஆகும்.

துணியைத் தொடுவதற்கு முன்னால் பிரவுன் பேப்பரில் முழு அளவில் ஒன்று செய்து மடித்துப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

#13 | தேக்குப்பெட்டி

பிரவுன் பேப்பரில் செய்தேன், மடியவே மாட்டேன் என்கிறது. நாலு பக்கத்திலும் மடிப்புக் கோடுகளை ஒரே மட்டத்தில் வரைந்தேன். முதல் மடிப்பு எல்லாப் பக்கமும் வெளியே, இரண்டாவது எல்லாப் பக்கமும் உள்ளே. மூலைகள் கசங்கிக் கிழிகின்றன.

#14 | சுருதிப்பெட்டி

அம்மா, அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். மேல்பக்கத்தில் மேடு வருகிற மட்டத்தில் பக்கவாட்டில் பள்ளம் வர வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றாக நடக்கும், அடுத்தடுத்த பக்கங்கள் மாற்றி நடக்கும். ஏன் என்று கேட்டால், காகிதத்தின் சுற்றளவு எந்த மட்டத்திலும் மாறாது. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் அந்த இடத்தில் சுற்றளவு கூட வேண்டும், காகிதம் எங்கே போகும்? மேலும் கீழும் வெளியே வரும்போது இடதும் வலதும் உள்ளே போனால் கணக்குச் சரியாகிவிடும்.

#15 | ஹைப்போ

சார் சொன்னதிலேயே பட்டையின் வடிவமும் இருக்கிறது. ஒரு பக்கம் 15 மி.மீ. உள்ளே போனால் அடுத்த பக்கத்தின் நீளம் அந்த முனையில் 15 மி.மீ. குறையும். அதனால் பட்டையின் முனைகளை நேராக வெட்டாமல் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். மேட்டு ஓரம் சின்னது, பள்ளத்து ஓரம் பெரிது. மூலைக்கோடு நேராக இறங்காமல் வளைந்து வளைந்து போகும். பட்டைக்கும் பட்டைக்கும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், அதாவது அட்டையை 13 மி.மீ. அகலத்தில் வெட்டுங்கள். மூலைகளில் அட்டையே வரக் கூடாது, அங்கே துணி மட்டும் மடியட்டும்.

#16 | தேக்குப்பெட்டி

மடிந்துவிட்டது! காகிதம்தான், ஆனால் ஒரு மூலையைத் தள்ளினால் மொத்தமும் தானாகப் படுக்கிறது. பத்து தடவை திறந்து திறந்து மூடினேன். ஆச்சி வேறு நாலு தடவை வாங்கிப் பார்த்தார்கள்.

இனிமேல் துணிதான். தோலா, துணியா?

#17 | கோவைக்காரன்

இந்தத் தடவை விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். சென்னை பெரியமேட்டில் ஆட்டுத்தோல் கிடைக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பதனிட்டது. செருப்புப் பட்டறையில் எந்திரத்தில் கொடுத்தால் 0.5 மி.மீ. வரைக்கும் சீவித் தருவார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் நம் ஊரிலிருந்துதான் கப்பலேறியது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். தாத்தா போட்டதும் தோல்தானே? தோலே போடுங்கள்.

#18 | ஹைப்போ

தோல் 0.5, அட்டை 0.3, உள்துணி 0.15, பசை 0.05. சரியாக 1 மி.மீ. 34 பட்டைக்கு 34 மி.மீ. நுழையும், ஆனால் 4 மி.மீ.தான் மிச்சம். பிளாக்அவுட் திரைத்துணியில் மெல்லிய ரகம் 0.3 கிடைக்கும். அதற்கு 27 மி.மீ. போதும். நான் துணியைச் சொல்வேன். முதல் தடவை செய்பவருக்கு மன்னிக்கிற பொருள் அது. தோல் ஒரே கனத்தில் இருக்காது, வயிற்றுப் பக்கம் இழுபடும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

தோலின் அழகு துணிக்கு வராது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

#19 | சுருதிப்பெட்டி

நான் தோல் பக்கம். ஆனால் ஹைப்போ சொன்ன காரணங்களை மறுக்க முடியவில்லை. முதலாவது துணியில் ஆகட்டும், கை பழகியதும் தோலில் இன்னொன்று செய்யலாம். எது வாங்கினாலும் கடையிலேயே ஒரு வேலை செய்யுங்கள்: துணியை டார்ச்சின்மேல் இறுக்கிப் பிடித்து, ஒரு மூலையை நாலாக மடித்து நகத்தால் அழுத்தி, விரித்து மறுபடியும் பாருங்கள். மடித்த கோட்டில் வெளிச்சம் கசிந்தால் வாங்காதீர்கள். உள்துணி பளபளக்கக் கூடாது. மங்கலான கறுப்புப் பருத்தி நல்லது. பளபளத்தால் வெளிச்சம் உள்ளேயே தெறித்துப் படம் வெளிறிப்போகும்.

#20 | தேக்குப்பெட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் முயற்சி வீணாகிவிட்டது. துணி வாங்கினேன், அட்டை வெட்டினேன், ஸ்ப்ரே பசை அடித்து ஒட்டினேன். மடிக்கும்போது அருமையாக இருந்தது. மத்தியானம் மொட்டை மாடி அறையில் வைத்துவிட்டுச் சாயங்காலம் போய்ப் பார்த்தால் பட்டைகள் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. சூட்டில் பசை இளகிவிட்டது. அட்டை வெட்ட மட்டும் நாலு ராத்திரி ஆனது. அழுகையே வந்துவிட்டது.

#21 | நூல்கட்டு

மனசு விடாதீர்கள். 

செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் போடுகிற ரப்பர் பசை, ஃபெவிகால் எஸ்.ஆர். ரகம், அதை வாங்குங்கள். பழைய அட்டைத் துண்டால் துணி, அட்டை இரண்டிலும் மெல்லிசாக இழுத்துத் தடவுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயட்டும், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அப்புறம் வைத்து அழுத்தினால் அசையாது. அசையாது என்பதால் வைக்கும்போது தவறக் கூடாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பட்டைகளைத் தனித்தனியாக வெட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே அட்டை. இடைவெளிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, இரு ஓரத்திலும் எல்லாப் பட்டையும் ஒட்டியிருக்கிற மாதிரி விடுங்கள். பார்க்க ஏணி மாதிரி இருக்கும். ஏணியை அப்படியே தூக்கி வைத்து, உள்பகுதியை ஒட்டிய பிறகு ஓரங்களை வெட்டி எடுத்துவிடலாம். துணியில் கோடு போடத் தையல்காரர் சாக் போதும்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. மேல்துணியை ஒட்டியதும் ராத்திரிக்கு விடாமல் உடனே மடியுங்கள். சின்ன முனையிலிருந்து ஆரம்பித்து, இரண்டு விரலால் ஒவ்வொரு மேட்டையும் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். மடித்து முடித்ததும் மேலே பலகை வைத்து அம்மிக்கல்லைத் தூக்கி வையுங்கள், இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும்.

#22 | தேக்குப்பெட்டி

ஏணி முறை அற்புதம் ஐயா. நாலு ராத்திரி வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. அம்மிக்கல் இரண்டு நாள் இருந்தது. எடுத்து அளந்தேன்: 29 மி.மீ. கணக்கைவிட 2 கூட. பசை கொஞ்சம் கெட்டியாகத் தடவியிருப்பேன்.

இருட்டறையில் டார்ச் வைத்துப் பார்த்தேன். கண் பழக வேண்டும் என்று பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

#23 | ஹைப்போ

அருமை! டார்ச் சோதனையோடு நிறுத்தாதீர்கள், பிலிமிலும் பார்த்துவிடுங்கள். லென்ஸை மூடி, பிலிம் ஹோல்டரைச் செருகி, அதை மூடியிருக்கும் ஸ்லைடை உருவி, கேமராவை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு டெவலப் செய்யுங்கள். ஓரத்திலிருந்து கோடாகக் கறுப்பு இறங்கினால் பழைய மர ஹோல்டரைச் சந்தேகியுங்கள். நடுவில் மங்கலான திட்டு விழுந்தால் பெல்லோஸ். பிலிமுக்கு எக்ஸ்ரே ஷீட் எடுங்கள், சிவப்பு விளக்கிலேயே வெட்டலாம். ஒரு 8×10 ஷீட்டில் இரண்டு ஹாஃப் பிளேட் வரும். இருபுறமும் மருந்து இருப்பதால் தட்டில் உரசாமல் அலசுங்கள்.

#24 | தேக்குப்பெட்டி

பிலிம் சுத்தமாக வந்தது. ஹோல்டர் ஒன்றில் மட்டும் ஓரக்கோடு, அதற்கு வெல்வெட் மாற்ற வேண்டும்.

முதல் படம் ஆச்சிதான். வளவில் தூணோரம் உட்கார வைத்து 3 விநாடி. அசையாமல் இருக்கச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கேமராவைப் பார்த்ததும் தானாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சந்தேகம். முழுக்க நீட்டினால் நடுப்பகுதி கொஞ்சம் தொய்கிறது. படத்தின் ஒரு ஓரம் மறைகிறது.

#25 | ஹைப்போ

நீளமான கூம்பு பெல்லோஸ் எல்லாமே தொய்யும். டியர்டார்ஃப் கேமராவில்கூட அதற்கென்று ஏற்பாடு உண்டு. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மேல்பக்கத்து மேடு ஒன்றின் இரு முனையிலும் தோலில் சின்னக் காது ஒட்டி, முன்பலகையின் பக்கவாட்டில் ஒரு கொக்கியில் மாட்டிவிடுங்கள். நீட்டும்போது மட்டும் மாட்டினால் போதும்.

#26 | சுருதிப்பெட்டி

அந்தக் காதுக்கு நான் தோல் அனுப்புகிறேன் அம்மா. துருத்திக்குப் போட்டது போக மிச்சம் நிறைய இருக்கிறது.

#27 | தேக்குப்பெட்டி

மிக்க நன்றி சார். ஆனால் தோல் இருக்கிறது. தாத்தாவின் வாரிலிருந்து இரண்டு காது வெட்டிக்கொண்டேன். இனி அது கட்டுவதற்கு வேண்டாம், பித்தளைக் கொக்கி முதல் தடவையாகத் தானே போய் விழுகிறது.

இன்னொன்றும் செய்தேன். பின்சட்டத்தை ஒட்டிய கடைசிப் பட்டை மடிவதில்லை, அதனால் அங்கே 0.8 மி.மீ. அட்டையால் கெடுதல் இல்லை. ஸ்டுடியோ பெயரின் முன்பாதி இருந்த மவுண்ட் துண்டை அங்கே வைத்து ஒட்டிவிட்டேன்.